டமாஸ்கஸ் மடக்குக்கத்திகள்: வாசகர் கேள்வி – பதில்

மடக்குக்கத்தி சேகரிப்பவர்களுக்கான இந்தப் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அலகில் அலை அலையாக வரி ஓடும் டமாஸ்கஸ் கத்திகளைப் பற்றியே இருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மகன், சென்ற முறை ஊருக்கு வந்தபோது வரியோடிய அலகு கொண்ட மடக்குக்கத்தி ஒன்றை எனக்காக வாங்கிவந்தான். தமிழ்நாட்டு உருக்கைக் கொண்டுதான் டமாஸ்கஸ் வாட்களைச் செய்தார்கள் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் என் கையில் இருப்பது நம் முன்னோர் செய்த உருக்குதானா?
— வாசகர், மயிலாப்பூர்

இல்லை ஐயா. இரண்டும் ஒரே பெயரில் வழங்குவதால் வந்த குழப்பம் இது. இதைத் தெளிவுபடுத்துவதில் விற்பவர்களுக்கு அக்கறை இருப்பதாகவும் தெரியவில்லை.

நீங்கள் படித்தது மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்குடுவையில், உருக்கிய பழைய உருக்கைப் பற்றி. இரும்புத் துண்டுகளைக் களிமண் மூசையில் இட்டு, கரி ஏறுவதற்காக ஆவாரங்கட்டையையும் எருக்கிலை போன்ற பச்சிலையையும் உடன் வைத்து, மூசையின் வாயை மண்ணால் பூசி மூடி, துருத்தி ஊதி உலையில் வேகவைத்தால், உள்ளே இருப்பது உருகி ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் கரி ஏறிய சிறு கட்டியாக உறையும். பரங்கிப்பேட்டையில் 1830-களில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத் இந்த முறையை விவரித்து எழுதியிருக்கிறார். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் உலைகளும் மூசைத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. இந்தக் கட்டியை அளவுக்கு மீறிக் காய்ச்சாமல் பொறுமையாக அடித்து நீட்டும்போது, அதனுள் இருக்கும் இரும்புக் கார்பைடு துகள்கள் வரிசை வரிசையாக ஒழுங்குபட்டு நிற்கின்றன. அமிலம் பட்டவுடன் அந்த வரிசைகளே வெள்ளை வரிகளாகத் தெரிகின்றன. உருக்கில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் வனேடியம் போன்ற தனிமங்களே துகள்களை இப்படி வரிசைப்படுத்துகின்றன என்பதை, அமெரிக்க உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனும் கத்திக் கொல்லர் ஆல்ஃபிரட் பென்ட்ரேயும் 1990-களில் தங்கள் சோதனைகளால் காட்டினார்கள். சுருங்கச் சொன்னால், அந்த வரி உருக்குக்குள் தானாக விளைந்தது. அதை யாரும் மடித்து உண்டாக்கவில்லை.

உங்கள் மகன் வாங்கிவந்தது, அநேகமாக, இரண்டு வகை எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி உலையில் ஒட்டிய எஃகாக இருக்கும். பெரும்பாலும் 1084 அல்லது 1095 என்ற எண் கொண்ட கரி எஃகும், 2 சதவீத அளவுக்கு நிக்கல் கலந்த 15என்20 என்ற எஃகும் இதற்குப் பயன்படுகின்றன. அடுக்கை மஞ்சள் நிறம் வரும்வரை காய்ச்சி, வெங்காரம் தூவி, சம்மட்டியாலோ அழுத்தும் எந்திரத்தாலோ ஒட்டவைத்து, பிறகு வெட்டி மடித்தும் முறுக்கியும் அடித்து நீட்டுகிறார்கள். முடிவில் அமிலத்தில் தோய்க்கும்போது நிக்கல் உள்ள அடுக்கு அரிபடாமல் வெள்ளையாக நிற்க, மற்றது கறுத்துவிடுகிறது. அடுக்கி ஒட்டும் இந்த வித்தை ஐரோப்பாவிலும் பழங்காலத்தில் இருந்ததுதான். ஆனால் இன்றைய கத்தி உலகில் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது, பில் மோரன் என்ற அமெரிக்கக் கொல்லர் 1973-இல் கத்திக் கலைஞர்களின் கண்காட்சி ஒன்றில் தம்முடைய டமாஸ்கஸ் கத்திகளை வைத்த பிறகுதான்.

இதனால் உங்கள் கத்தியின் மதிப்பு குறைந்துவிடாது. நல்ல கையால் ஒட்டப்பட்ட எஃகு நல்ல எஃகே. பழைய படைக்கலங்களைப் பார்க்க விரும்பினால், தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்தவை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்குள்ள ஒவ்வொரு வாளும் மூசை உருக்கில் செய்தது என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம்.

இணையத்தில் 1,800 ரூபாய்க்கு ஒரு டமாஸ்கஸ் மடக்குக்கத்தி வாங்கினேன். அலகில் கீறல் விழுந்ததால் நீர்த்தாள் (வாட்டர் பேப்பர்) போட்டுத் தேய்த்தபோது, தேய்த்த இடத்தில் வரி முழுவதும் காணாமல் போய்விட்டது. ஏமாந்துவிட்டேனா?
— வாசகர், அம்பத்தூர்

இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. உண்மையான டமாஸ்கஸ் எஃகிலும் தேய்த்தால் வரி மறையத்தான் செய்யும். வரியைக் கண்ணுக்குக் காட்டுவது அமிலம் அரித்த மேற்பரப்புதான். அதை இழைத்து எடுத்துவிட்டால் இரண்டு எஃகும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். மறைந்த வரி திரும்பி வருகிறதா என்பதே சோதனை.

இதற்கு வேண்டிய பெரிக் குளோரைடு ரிச்சி தெருவில் கிடைக்கும். மின்னணுப் பலகைகளில் செம்பை அரிக்க மாணவர்கள் வாங்கிப்போகும் அதே மருந்துதான். அதைத் தண்ணீரில் கலந்து நீர்க்கச் செய்துகொள்ளுங்கள். அலகில் நீங்கள் தேய்த்த இடத்தை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து, பஞ்சில் நனைத்த மருந்தைச் சில நிமிடம் அதன் மேல் வைத்திருங்கள். உண்மையான அடுக்கு எஃகாக இருந்தால், முதலில் அந்த இடம் முழுவதும் மங்கலான சாம்பல் நிறமாகும். பிறகு கறுப்பு வரிக்கு நடுவே வெள்ளை வரி, பழைய வரிகள் நின்ற அதே இடத்தில், ஒன்றோடொன்று இணைந்து மேலெழும். வெறும் எஃகின் மேல் லேசரால் வரைந்த வரியாக இருந்தால், எவ்வளவு நேரம் வைத்தாலும் ஒரே சீரான கருமைதான் மிஞ்சும். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் அலகைக் கழுவி எண்ணெய் தடவிவிடுங்கள். கையுறை கட்டாயம், தரையில் சிந்தினால் கறை போகாது என்பதால் வீட்டார் இல்லாத நேரத்தில் செய்வது இன்னும் நல்லது.

அமிலத்தைத் தொடாமலேயே பல போலிகளைக் கண்டுபிடித்துவிடலாம். அலகின் முதுகைப் பாருங்கள்: பக்கவாட்டில் ஓடும் வரிகள் முதுகின் மேலேறி மறுபக்கம் இறங்க வேண்டும். அடுத்து, வெட்டும் விளிம்பை நோக்கி அலகு சரியத் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். பிளைவுட் பலகையைச் சரிவாக இழைத்தால் உள் அடுக்குகள் அகலமான பட்டைகளாக வெளிப்படுவதைப் போல, அங்கே வரிகள் விரிந்தோ வளைந்தோ தம் போக்கை மாற்றியாக வேண்டும். சரிவு தொடங்கும் கோட்டைப் பொருட்படுத்தாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாக வரி போனால், அது வரைந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல அச்சாக ஒன்றாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஜப்பானிய முறையில் செய்யும் பல கத்திகளில், நடுவே விஜி-10 போன்ற கடினமான எஃகு ஒற்றைத் தகடாக இருக்கும். அதன் இரு புறமும்தான் வரியோடிய அடுக்குகளைப் போர்த்தியிருப்பார்கள். அவற்றில் வரி, கூர் வரை வராமல் ஓர் அலைக்கோட்டோடு நின்றுவிடும். அது குறையல்ல, அமைப்பே அப்படி.

வரி உண்மையாக இருந்தும் கத்தி மட்டமாக இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடினப்படாத மென்னிரும்பை ஓர் அடுக்காக வைத்து ஒட்டினாலும் அமிலத்தில் அழகான வரி வரும், ஆனால் அந்த அலகில் கூர் நிற்காது. மலிவு விலைக் கத்திகள் பாகிஸ்தானின் வஜீராபாத்திலிருந்து உலகமெங்கும் போகின்றன. அங்கும் நல்ல கைகள் உண்டு என்றாலும், எந்த எஃகு என்று சொல்லாமல் விற்கப்படும் சரக்கே அதிகம். 2025 மே 2 முதல் பாகிஸ்தான் பொருள்களின் இறக்குமதிக்கு நம் நாட்டில் முழுத் தடை இருப்பதால், வேறு நாட்டு முகவரி வழியாக வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னாலும் ஏற்காதீர்கள். சுற்றி வந்தாலும் தடை தடைதான்.

ஒரு கடைக்காரர் 67 அடுக்கு என்கிறார், இன்னொருவர் 300 அடுக்கு என்கிறார். அடுக்கு கூடினால் கத்தி உறுதியாகுமா?
— வாசகி, வேளச்சேரி

ஆகாது அம்மா. 67 என்பது நடுத் தகடு ஒன்று, இரு புறமும் 33 அடுக்குகள் என்ற கணக்கு. அந்தக் கத்தியின் வெட்டும் திறன் முழுவதும் நடுத் தகட்டைப் பொறுத்தது. 300-ஐ ஒட்டிய எண்களும் வியப்புக்குரியவை அல்ல. 20 தகடுகளை அடுக்கி ஒட்டி, இரண்டாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று வைத்து மறுபடி ஒட்டினால் 40 ஆகும். அப்படியே இன்னும் மூன்று முறை செய்தால் 320 வந்துவிடும். அடுக்கு மிகுந்தால் வரி மெலிந்து நெருங்குகிறது, அவ்வளவுதான். மடக்குக்கத்தியின் சிறிய அலகில் மிக நெருங்கிய வரி தூரத்திலிருந்து பார்க்கும்போது வெறும் சாம்பல் பூச்சாகத் தெரியும் என்பது என் எண்ணம். குறைந்த அடுக்கில் முறுக்கிச் செய்தவை எனக்குக் கூடுதலாகப் பிடிக்கின்றன.

விலையைக் கூட்டுவது எண்ணிக்கை அல்ல, வேலைப்பாடு. முறுக்கிய கம்பிகளை அருகருகே ஒட்டினால் நட்சத்திரம் நட்சத்திரமாக வரும். அடுக்கின் மேல் குறுக்கே பள்ளங்கள் வெட்டித் தட்டையாக்கினால் ஏணிப்படி வரும். வட்டக் குழிகள் இட்டால் மழைத்துளி. கட்டியை நடுவே பிளந்து மறுபடி ஒட்டினால் கிடைப்பது இறகு வரி, அதைப் பிசிறில்லாமல் செய்வது கடினம். விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, 'எத்தனை அடுக்கு' என்பதல்ல, 'எந்தெந்த எஃகு, ராக்வெல் கடினம் (எஃகின் கடினத்தைக் குறிக்கும் எண்) எவ்வளவு' என்பதே. 58-லிருந்து 61 வரை ஓர் எண்ணைத் தயங்காமல் சொல்பவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

தெருவில் வந்த சாணை பிடிப்பவரிடம் என் டமாஸ்கஸ் கத்தியைக் கொடுத்தேன். கூர் வந்தது, ஆனால் விளிம்பில் நீலம் பாய்ந்து, வரியும் பாதி அழிந்துவிட்டது. சரிசெய்ய முடியுமா?
— வாசகர், பெரம்பூர்

வரி சிறிய பிரச்சினை. மேலே அம்பத்தூர் வாசகருக்குச் சொன்ன முறையில் அலகு முழுவதையும் மெல்லிய நீர்த்தாளால் சீராக இழைத்து மருந்தில் தோய்த்தால் வரி திரும்பிவிடும். அதற்கு முன் கத்தியைப் பிரித்து அலகைத் தனியே எடுத்துக்கொள்வது அவசியம். மருந்து பூட்டுக்குள்ளோ திருகுக்குள்ளோ இறங்கினால் உள்ளிருந்து துருவேறும்.

நீலம்தான் கவலைக்குரியது. எஃகு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் சூடானால்தான் அந்த நிறம் வரும். கரி எஃகு அந்தச் சூட்டில் கடினத்தை இழந்துவிடும். நீலம் பாய்ந்த பகுதி மிகக் குறுகியதாக இருந்தால், தண்ணீர் விட்டுக் கையால் கல்லில் தேய்த்து அந்தப் பகுதியை முழுவதும் நீக்கிவிட்டுப் புதிய கூர் வைக்கலாம். அகலமாக இருந்தால், மறுபடி காய்ச்சித் தோய்த்துக் கடினப்படுத்த வேண்டும். அது செய்த கொல்லரின் வேலை, நம் வேலை அல்ல. சாணைக்காரர் மீது குற்றம் சொல்ல முடியாது. அவருடைய சக்கரம் அருவாமனைக்கும் கத்தரிக்கோலுக்கும் ஏற்றது. இனி 1000, 3000 என்று நயம் குறித்த இரண்டு பக்கம் கொண்ட நீர்க்கல் ஒன்றை வாங்கி வீட்டிலேயே தீட்டிப் பழகுங்கள்.

கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறோம். கத்திகளைத் தோலுறையில் போட்டு, தேங்காய் எண்ணெய் தடவித்தான் வைக்கிறேன். இருந்தும் புள்ளி புள்ளியாகத் துரு வருகிறது.
— வாசகர், திருவான்மியூர்

துரு வருவதற்குக் காரணமே அந்த இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பதப்படுத்திய தோலில் உப்பும் அமிலமும் மிச்சமிருக்கும். அது காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். தோலுறை வெளியே எடுத்துச் செல்வதற்கு மட்டுமே. வீட்டில் வைப்பதற்கு அல்ல. தேங்காய் எண்ணெய் நாளானால் காறிப்போய்ப் பிசினாக இறுகும், மடக்குக்கத்தியின் கீலுக்குள் புகுந்தால் அலகு திறக்கவே மறுக்கும். தையல் எந்திர எண்ணெய் போதும். உணவுப் பொருள் வெட்டும் கத்தி என்றால், மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது.

டமாஸ்கஸில் துரு சற்றுக் கூடுதலாகத் தொல்லை கொடுப்பதற்குக் காரணம் உண்டு. அமிலம் அரித்த கறுப்பு அடுக்கு, கண்ணுக்குத் தெரியாத அளவு பள்ளமாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். ஈரமும் உப்பும் அங்கேதான் தங்கும். எனவே துணியால் மேலாகத் துடைப்பது போதாது. மென்மையான பழைய பல்துலக்கியில் எண்ணெய் தொட்டு, வரி ஓடும் திசையிலேயே தேய்த்து, மிகுதியை ஒற்றி எடுங்கள். கீல் இடுக்கிலும், அலகு மடிந்து உட்காரும் பள்ளத்திலும் ஒரு சொட்டு விடுங்கள். பிறகு கத்தியைத் திறந்த நிலையில், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் பொட்டலத்தை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். ஏற்கெனவே வந்த புள்ளிகளை எண்ணெயில் நனைத்த மிக மெல்லிய இரும்பு நாரால் மெதுவாக எடுக்கலாம்.

இவ்வளவு பாடும் வேண்டாம் என்றால், துருவேறா எஃகில் செய்த டமாஸ்கஸ் பக்கம் போவதே உங்கள் தெருவுக்கு ஏற்றது. சுவீடனின் டமாஸ்டீல் நிறுவனம், இரண்டு வகைத் துருவேறா எஃகைப் பொடியாக்கி அழுத்தி அத்தகைய எஃகைத் தயாரிக்கிறது. விலை அதிகம்தான்.

சேகரிக்கத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். முதல் டமாஸ்கஸ் மடக்குக்கத்தியை எப்படித் தேர்ந்தெடுப்பது?
— வாசகர், போரூர்

அலகை மறைத்துக்கொண்டு கத்தியைப் பாருங்கள். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, வரியில் மயங்கி, கீலைப் பார்க்காமல் வாங்குவதே இந்தத் துறையில் மிகப் பொதுவான தவறு. மடக்குக்கத்தி முதலில் ஒரு பொறி. அலகு அதன் ஓர் உறுப்பு.

கத்தியைத் திறந்து, அலகின் நுனியை இரு விரலால் பிடித்து இடமும் வலமும் அசையுங்கள், பிறகு மேலும் கீழும். பக்கவாட்டில் சிறிது ஆடினால் கீல் திருகை முறுக்கிச் சரிசெய்யலாம். ஆனால் மேலும் கீழும் ஆடினால் பூட்டு சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள், அந்தக் கத்தியை அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள். மடக்கிய நிலையில் மேலிருந்து பார்த்தால், அலகு இரு பக்கத் தகடுகளுக்கும் சரிநடுவே நிற்க வேண்டும். கீலைத் திருகால் பொருத்தியிருந்தால் பிரித்துச் சுத்தம் செய்யலாம். ரிவிட்டு அடித்திருந்தால் முடியாது, நம் ஊர்க் காற்றுக்கு இது சிறிய விஷயமல்ல.

பூட்டு வகைகளில், முதுகுப் பட்டையை அழுத்திப் பூட்டை விடுவிக்கும் பேக் லாக், 1964-இல் வந்த பக் 110 கத்தியால் புகழ்பெற்றது. உறுதியானது, இரு கையும் வேண்டும். உட்தகடு வில்லாக வந்து அலகின் பின்புறம் முட்டுக்கொடுக்கும் லைனர் லாக்கின் இன்றைய வடிவத்தை அமெரிக்கக் கலைஞர் மைக்கேல் வாக்கர் 1980-களின் தொடக்கத்தில் செம்மைப்படுத்தினார். லைனர் லாக்கில் அந்தத் தகடு அலகின் அடியில் எவ்வளவு தூரம் நுழைந்து உட்காருகிறது என்று உற்றுப் பாருங்கள். ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் வேண்டாம். பூட்டே இல்லாமல் முதுகு வில்லின் இறுக்கத்தில் நிற்கும் பழைய பாணிப் பேனாக்கத்திகளும் உண்டு. பழம் நறுக்கவும் கடிதம் பிரிக்கவும் அவை போதும், சட்டத்தின் பார்வையிலும் சாதுவானவை.

முடிந்தால், முதல் கத்தியாக வரியில்லாத நல்ல எஃகுக் கத்தி ஒன்றை அதே நிறுவனத்திடம் வாங்கிச் சில மாதங்கள் பயன்படுத்துங்கள். அதன் கீலும் பூட்டும் பிடித்திருந்தால் இரண்டாவதாக டமாஸ்கஸுக்குப் போகலாம். ஒவ்வொரு கத்திக்கும் வாங்கிய ரசீது, எஃகின் பெயர், செய்தவர் குறியின் படம் ஆகியவற்றை ஒரு நோட்டில் சேர்த்து வையுங்கள்.

இவற்றை வீட்டில் வைத்திருக்க உரிமம் வேண்டுமா? பையில் கொண்டுபோகலாமா?
— வாசகர், தாம்பரம்

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், வீட்டு வேலை, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்படாத கத்திகளில், அலகு 9 அங்குலத்தைவிட நீண்டதாகவோ 2 அங்குலத்தைவிட அகலமாகவோ இருப்பவற்றை ஆயுத வகையில் சேர்க்கின்றன. சேகரிப்போர் வாங்கும் மடக்குக்கத்திகளின் அலகு பெரும்பாலும் 3 அல்லது 4 அங்குலம்தான். ஆனால் அந்தந்தப் பகுதிக்கென அறிவிக்கை வெளியிட்டு அரசு கட்டுப்பாட்டை இறுக்கலாம். டெல்லியில் 1980-ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று, பொத்தானை அழுத்தினால் விசையோடு திறக்கும் கத்திகளை 7.62 சென்டிமீட்டர் அலகிலேயே கட்டுப்படுத்துகிறது. ரயிலில் வடக்கே போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விசைக் கத்திகளை நான் எங்குமே பரிந்துரைப்பதில்லை.

வெளியே கொண்டுபோவதைப் பொறுத்தவரை, அளவைவிடக் காரணம் முக்கியம். இரவு நேர வாகனச் சோதனையில், 'சேகரிப்புக்காக வைத்திருக்கிறேன் சார்' என்று சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டுவது யாருக்கும் நல்லதல்ல. விமானத்தில் கைப்பையில் கூடாது, சரக்கில் போடும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். மெட்ரோவிலும் வேண்டாம். நண்பரிடம் காட்டுவதற்காக எடுத்துப்போனால், பூட்டிய பெட்டியில் ரசீதோடு வையுங்கள்.

பத்து ஆண்டு கழித்து விற்றால் லாபம் வருமா?
— வாசகர், அண்ணாநகர்

பெயர்பெற்ற கலைஞர் தம் கையால் செய்து குறியிட்ட கத்திக்கு வரலாம். ஆலையில் செய்தவற்றுக்குப் பெரும்பாலும் வராது. லாபம்தான் நோக்கம் என்றால் தபால் நிலையச் சேமிப்பு இருக்கிறது.

டமாஸ்கஸ் கத்தியால் மாங்காய் நறுக்கலாமா? என் கணவர் அதைத் தொடவே விடுவதில்லை.
— வாசகி, ராயபுரம்

தாராளமாக நறுக்கலாம் அம்மா, கத்தி வெட்டுவதற்காகத்தான். கரி எஃகு டமாஸ்கஸில் மாங்காய்ப் புளிப்பு பட்ட இடம் சில நிமிடங்களில் நீலமும் சாம்பலுமாகக் கறுக்கும். அது துருவல்ல, அரிபட்ட நிறம்தான், கத்திக்குக் கெடுதல் இல்லை. நறுக்கிய உடனே கழுவித் துடைத்துவிடுங்கள், காம்புப் பால் பிடியின் இடுக்கில் இறங்க விடாதீர்கள். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய துண்டை மட்டும் அதனால் நறுக்க வேண்டாம். உப்பு பட்டால் உங்கள் கணவர் சொல்வது சரியாகிவிடும்.